விம்மல் கேட்கிறதா?

பன்னிரண்டு தந்தி கிட்டார் சொல்லித்தரும் வீடியோவைத் திறப்பவர்கள் முதலில் தள்ளிவிட்டு ஓடும் பகுதி சுருதி சேர்ப்பதுதான். ஆசிரியர்கள் பலரும் அதற்கு இடம் கொடுக்கிறார்கள். கிட்டாரின் தலையில் ஒரு ட்யூனரைக் கவ்வ வைத்து, நான் ஏற்கெனவே சேர்த்துவிட்டேன், நீங்களும் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி நேராகக் கார்டுகளுக்குப் போய்விடுகிறார்கள். ஆறு தந்தி கிட்டாருக்கு அது போதும். பன்னிரண்டுக்குப் போதாது. இந்த வாத்தியத்தின் முழுக் குணமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு தந்திகளுக்கு நடுவே உள்ள மிகச் சிறிய வித்தியாசத்தில் இருக்கிறது. அதைக் கேட்கப் பழகிய காதுக்கு வீடியோ நல்ல வாத்தியார். பழகாத காதுக்கு அதே வீடியோ பல விஷயங்களை மறைத்துவிடும், சிலவற்றைத் தப்பாகவும் காட்டும். ஏன் என்பதற்கு இயற்பியலில் தெளிவான காரணங்கள் உண்டு.

பெயரில் பன்னிரண்டு இருந்தாலும் விரலுக்கு அது ஆறுதான். தந்திகள் இரண்டிரண்டாக, நடுவே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிற்கின்றன. ஒரு விரல் ஒரு ஜோடியை அழுத்துகிறது. மேல்சுருதியில் உள்ள இரண்டு ஜோடிகளில் இரு தந்திகளும் ஒரே சுருதி: இ ஜோடிக்கு 329.6 ஹெர்ட்ஸ், பி ஜோடிக்கு 246.9. மற்ற நான்கு ஜோடிகளில் தடித்த தந்தியோடு மெல்லிய தந்தி ஒன்று, ஒரு ஸ்தாயி மேலே நிற்கிறது. ஏ ஜோடியில் தடித்தது 110 ஹெர்ட்ஸ் என்றால் மெல்லியது 220. ஜி ஜோடியில் தடித்தது 196, மெல்லியது 392. இந்த ஜி-யின் மெல்லிய தந்திதான் மொத்த வாத்தியத்திலும் உயரமான சுருதி. கைப்பிடியின் நடுவில் ஒளிந்து நின்றுகொண்டு, ஓரத்தில் இருக்கும் முதல் தந்தியைவிட மேலே ஒலிக்கிறது. சாதாரண கார்டைக்கூட இந்தக் கிட்டாரில் மீட்டும்போது எங்கிருந்தோ ஒரு மணிச்சத்தம் கலந்து வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

கச்சேரிக்கு முன்னால் தம்புரா சேர்ப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாக இருக்காது. அதன் சாரணைத் தந்தியும் அனுசாரணைத் தந்தியும் ஒரே சுருதி. மந்தரம் அவற்றுக்கு ஒரு ஸ்தாயி கீழே. அங்கே நான்கு தந்திகளில் நடக்கும் வேலை இங்கே பன்னிரண்டில் நடக்கிறது. தம்புரா சேர்ப்பவர் எதைக் காதால் தேடுகிறாரோ, அதைத்தான் கிட்டார்காரரும் தேட வேண்டும்.

இரண்டு தந்திகள் 330, 332 ஹெர்ட்ஸில் அதிர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். காதுக்கு இரண்டு சுரங்கள் கேட்பதில்லை. ஒரே சுரம்தான் கேட்கிறது, நொடிக்கு இரண்டு முறை பெருத்துச் சிறுத்து. பள்ளியில் இரண்டு இசைக்கவைகளை வைத்துப் படித்த விம்மல் இதுவே. அதிர்வெண்களின் வித்தியாசம் எவ்வளவோ, நொடிக்கு அத்தனை விம்மல். வித்தியாசம் குறையக் குறைய விம்மல் மெதுவாகி, நீண்டு, கடைசியில் காணாமல் போகும். ஸ்தாயி ஜோடிகளிலும் இது உண்டு. 110 ஹெர்ட்ஸ் தந்தி அதிரும்போது 220, 330, 440 என்ற மேற்சுரங்களும் கூடவே எழுகின்றன. மெல்லிய தந்தி 220-க்குப் பதில் 221-இல் நின்றால், தடித்த தந்தியின் முதல் மேற்சுரத்தோடு மோதி நொடிக்கு ஒரு விம்மல் வரும். ஆனால் ஒரே சுருதி ஜோடியைப் போல மொத்த ஒலியும் ஏறி இறங்காது, ஒலியின் மேல்பகுதியில் மட்டும் ஒரு அலை ஓடும். அதைப் பிடிக்கத்தான் காதுக்குப் பழக்கம் தேவைப்படுகிறது.

ட்யூனர் இதில் எவ்வளவு தூரம் உதவும்? ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு செண்ட். நல்ல ட்யூனர்கூட ஒரு செண்ட் இப்படி அப்படி இருக்கும்போதே சரி என்று காட்டிவிடும். இ ஜோடியில் ஒரு தந்தி ஒரு செண்ட் கூட, மற்றது ஒரு செண்ட் குறைவு என்றால், ட்யூனர் இரண்டுக்கும் பச்சை விளக்கு போடும். காதில் 2.6 நொடிக்கு ஒரு விம்மல் ஓடிக்கொண்டிருக்கும். இதனால் குடி முழுகிப்போகாது, மெல்லிய மினுமினுப்பாகக்கூடக் கேட்கும். ஆனால் விலை குறைந்த ட்யூனரில் பச்சை விளக்கின் எல்லை இன்னும் அகலம். ஜோடிக்குள் பத்து செண்ட் விலகினால் நொடிக்கு இரண்டு விம்மல் வந்துவிடும், பழைய ஹார்மோனியத்தில் இரண்டு ரீடு சேராமல் ஒலிப்பது போல. ட்யூனர் ஒவ்வொரு தந்தியையும் தனியாக அளக்கிறது. நமக்கு வேண்டியது இரண்டும் சேரும்போது என்ன ஆகிறது என்பது.

ஏ ஜோடியை ஒருமுறை நிதானமாகச் சேர்த்துப் பார்ப்போம். வலது கை விரல் நுனியால் மெல்லிய தந்தியைத் தொட்டு அடக்கிக்கொண்டு, தடித்த தந்தியை மட்டும் மீட்ட வேண்டும். ஓங்கி மீட்டக் கூடாது. பலமாக இழுத்துவிட்ட தந்தி கூடுதலாக நீள்வதால், அடித்த கணத்தில் சுருதி கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கி நிலைக்கும். பாட்டில் எவ்வளவு அழுத்தமாக வாசிப்போமோ அதே அழுத்தம் போதும். ட்யூனரை வைத்து இதைச் சரி செய்தபின் ட்யூனரை மறந்துவிடலாம். விரலை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்து மீட்டினால் ஒலியின் மேல்பகுதியில் ஓர் அசைவு கேட்கும். மெல்லிய தந்தியின் கீயை முதலில் நன்றாகத் தளர்த்த வேண்டும், விம்மல் வேகமாகி ஒரு கரகரப்பாகவே மாறும் வரை. பிறகு கீழிருந்து மேலே மெல்ல ஏற்ற வேண்டும். கரகரப்பு விம்மலாகும். விம்மல் நடையாகும், நடை தளரும், ஒரு கட்டத்தில் நிற்கும். இன்னும் அரை நூல் திருகினால் மறுபக்கம் மறுபடி கிளம்பும். நின்ற இடத்திற்குத் திரும்ப வேண்டுமானால் மீண்டும் கீழே இறக்கி, கீழிருந்தே வர வேண்டும். கீயின் பற்சக்கரத்தில் சிறு தளர்ச்சி உண்டு, கைப்பிடியின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் தந்திக்கு உராய்வும் உண்டு. மேலிருந்து இறக்கி நிறுத்தினால் அந்த இரண்டு இடத்திலும் மிச்சமிருக்கும் தளர்வு பாட்டின் நடுவில் வெளிவந்து சுருதி இறங்கிவிடும்.

இப்படி ஆறு ஜோடியையும் முடித்துவிட்டு முதலில் சேர்த்த ஜோடிக்குத் திரும்பினால் அது விலகியிருக்கும். மெல்லிய தந்திகள் போட்ட ஒரு பன்னிரண்டு தந்தி கிட்டாரில் மொத்த இழுவிசை சுமார் 110 கிலோ. ஆறு தந்தி கிட்டாரில் அது 70 கிலோவை ஒட்டியது. இந்தச் சுமையில் கைப்பிடி கொஞ்சம் வளைகிறது, பிரிட்ஜ் ஒட்டியிருக்கும் மேல்பலகை கொஞ்சம் உப்புகிறது. ஒரு தந்தியை ஏற்றினால் மற்ற பதினொன்றும் இம்மியளவு தளர்கின்றன. அதனால்தான் அனுபவசாலிகள் முதல் சுற்றில் எல்லாவற்றையும் தோராயமாக நிறுத்திவிட்டு, இரண்டாம் சுற்றில்தான் விம்மலைப் பார்க்கிறார்கள். புதுத் தந்தி என்றால் மூன்றாம் சுற்றும் வேண்டியிருக்கும். இதை வெட்டாமல் முழுக்கக் காட்டும் வீடியோவைப் பார்த்தால் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்த வாத்தியத்தில் அதைவிடப் பயனுள்ள பாடத்தை நான் பார்த்ததில்லை.

விம்மலை அடியோடு ஒழித்துவிட வேண்டுமா என்ற கேள்விக்கு பியானோவில் இருந்து ஒரு பதில் கிடைக்கிறது. பியானோவின் பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று தந்திகள். கேப்ரியல் வைன்ரைக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1977-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், இந்தத் தந்திகள் தனித்தனியாக அதிர்வதில்லை, பிரிட்ஜின் வழியாக ஒன்றையொன்று பாதிக்கின்றன என்று காட்டினார். இரு தந்திகளும் ஒரே திசையில் சேர்ந்து ஆடினால் பிரிட்ஜைப் பலமாக அசைக்கும். ஒலி உரக்க எழும், ஆற்றல் சீக்கிரம் செலவாகிவிடும். எதிரெதிர்த் திசையில் ஆடினால் பிரிட்ஜ் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அப்போது ஒலி மெல்லியதுதான், ஆனால் நீண்ட நேரம் நிலைக்கும். சுத்தியல் அடித்ததும் முதல் வகை அதிர்வு மேலோங்குகிறது. தந்திகளுக்குள் மிகச் சிறிய வித்தியாசம் இருந்தால் அதில் ஒரு பகுதி இரண்டாம் வகையாக மாறி, அடி அடங்கிய பிறகும் கார்வை தொடர்கிறது. பியானோ சேர்ப்பவரின் கைத்திறமையில் ஒரு பங்கு இந்த நுண்ணிய வித்தியாசத்தை எவ்வளவு விடுவது என்பதில் இருக்கிறது.

கிட்டாரின் இ, பி ஜோடிகளுக்கும் இயற்பியல் அதுவே. விம்மலை நிறுத்திவிட முடிந்த காது வந்த பிறகு, வேண்டுமென்றே ஒரு சொட்டு விட்டுவைக்கலாம். மூன்று நான்கு நொடிக்கு ஒன்றாக ஓடும் விம்மல் ஒலிக்கு உயிர் கொடுக்கிறது. நிறுத்தவே தெரியாதவர் விட்டுவைப்பதும், தெரிந்தவர் விட்டுவைப்பதும் கேட்பவருக்கு உடனே தெரியும்.

ஜி ஜோடியின் மெல்லிய தந்திக்கு வருவோம். பன்னிரண்டு தந்தி வாங்கியவர்களின் முதல் கவலை இது அறுந்துபோவதுதான். கொஞ்சம் தடித்த தந்தி போட்டால் தாங்குமே என்று தோன்றும். தாங்காது. மரின் மெர்சேன் 1636-இல் எழுதி வைத்த விதிப்படி அதிர்வெண் தந்தியின் நீளம், இழுவிசை, எடை மூன்றையும் பொறுத்தது. தந்தியைத் தடிமனாக்கினால் எடை கூடும். அதே சுருதிக்கு வர இழுவிசையையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும். தாங்கும் பரப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. கணக்கில் தடிமன் முழுக்க அடிபட்டுப் போய்விடுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் எஃகு எவ்வளவு சுமக்கிறது என்பதைச் சுருதியும் நீளமும் மட்டுமே தீர்மானிக்கின்றன. வழக்கமான 65 சென்டிமீட்டர் நீளத்தில் 392 ஹெர்ட்ஸுக்கு அது 200 கிலோவுக்குச் சற்று மேல். முதல் தந்தியான இ-க்கு 146 கிலோதான். மெல்லிய எஃகுக் கம்பி அறுபடும் எல்லையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை, ஒன்றுமே வாசிக்காமல் சும்மா நிற்கும்போதே ஜி சுமந்துகொண்டிருக்கிறது. அதன்பின் நட்டிலும் கீயிலும் கூர்மையான ஒரு வளைவு, பள்ளத்தில் ஒரு பிசிறு இருந்தால் போதும், பட்டென்று போய்விடும்.

தடிமன் கை கொடுக்காது என்றால் மிச்சம் இருக்கும் வழி சுருதியை இறக்குவது. இரண்டு அரைச்சுரம் இறக்கினால் எல்லாத் தந்திகளிலும் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஜி தந்தி மூச்சு விடும், மேல்பலகையும் மூச்சு விடும், இடது கை விரல்களும்தான். பழைய சுருதியில் பாட வேண்டுமானால் எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில் போட்டுக்கொள்ளலாம். புதிதாகப் பழகுபவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பேன்.

இந்த வழி புதியதல்ல. லெட் பெல்லி என்று அறியப்பட்ட பாடகர் ஹடி லெட்பெட்டர் தன் ஸ்டெல்லா கிட்டாரை நான்கு, ஐந்து அரைச்சுரம் கீழே இறக்கி, அதற்கேற்ற தடித்த தந்திகளைப் போட்டு வாசித்தார். லூசியானா மாநிலத்தின் அங்கோலா சிறையில் 1933-இல் நாட்டுப்பாடல்களைத் தேடிச் சேகரித்த ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலனும் பதிவுக் கருவியோடு போய், அங்கே கைதியாக இருந்த அவரைக் கண்டார்கள். பன்னிரண்டு தந்தி கிட்டாரின் அரசர் என்று தன்னை அழைத்துக்கொண்டவர் அவர். பியானோவின் இடது கை போல அடித்தந்திகளில் நடந்துபோகும் அவருடைய வாசிப்பைக் கேட்டால், அந்தப் பட்டத்தைக் கேள்வி கேட்கத் தோன்றாது. அந்தக் கனமான அடிச்சுரங்கள் இறக்கிய சுருதியின் பலன். அவருடைய ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டு இயல்புச் சுருதியில் சேர்த்த மெல்லிய தந்திகளில் அதைத் தேடுபவருக்கு விரல் எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்தச் சத்தம் வராது.

லெட் பெல்லி 1949-இல் இறந்தார். அவரோடு பழகிய பீட் சீகர் 1962-இல், லெட் பெல்லி வாசித்த முறையில் பன்னிரண்டு தந்தி கிட்டாரைக் கற்றுத்தரும் இசைத்தட்டு ஒன்றை ஃபோக்வேஸ் நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார். இன்றைய வீடியோ பாடங்களின் நேரடி மூதாதை அது. 1967-இல் ஹாப்பி ட்ராம், வுட்ஸ்டாக்கில் இருந்து ஹோம்ஸ்பன் என்ற பெயரில் பாடங்களை டேப்பில் பதிவு செய்து தபாலில் அனுப்பத் தொடங்கினார். பிறகு அதுவே வீடியோவுக்கு வளர்ந்தது. இசைத்தட்டுக் காலத்தில் கடினமான இடம் வந்தால் மாணவர்கள் தட்டின் வேகத்தைப் பாதியாக்குவார்கள். சுரம் ஒரு ஸ்தாயி இறங்கி, மந்தமாக, ஆனால் ஒவ்வொன்றாகக் கேட்கும்.

இன்று யூடியூபில் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி இறங்குவதில்லை. 1966-இல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளனகனும் கோல்டனும் விவரித்த ஃபேஸ் வோகோடர் தொடங்கி வளர்ந்த நுட்பங்களின் வேலை இது. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுத்து, அதிர்வெண்ணை மாற்றாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கி நீட்டுகிறார்கள். பாடம் கேட்பவர்களுக்கு இது பெரிய வரம். பன்னிரண்டு தந்திக்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துண்டின் நீளம் நொடியில் நூறில் சில பங்கு, விம்மலோ அரை நொடி, ஒரு நொடி நீளம். அது துண்டுகளுக்குள் அடங்காததால் பாட்டோடு சேர்ந்து அதுவும் நீண்டுவிடுகிறது. நொடிக்கு இரண்டாக இருந்த விம்மல் ஒன்றாகிவிடும். ஆசிரியரின் ஜோடி பத்து செண்ட் விலகியிருந்தாலும், பாதி வேகத்தில் கேட்பவருக்கு ஐந்து செண்ட் விலகியது போலத்தான் கேட்கும். வேகத்தைக் குறைத்துப் பாடம் கற்பவர், தன்னை அறியாமல், சுருதியைப் பற்றிய தவறான அளவுகோல் ஒன்றைக் காதில் ஏற்றிக்கொள்கிறார். விரலைப் பார்க்க மெதுவாக ஓட்டலாம். சுருதி கேட்க வேண்டுமென்றால் முழு வேகத்தில்தான் கேட்க வேண்டும்.

கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கரும் இதில் ஒரு வேலை செய்கிறது. தடித்த இ, ஏ, டி, ஜி தந்திகளின் அடிப்படை அதிர்வெண்கள் 82 முதல் 196 ஹெர்ட்ஸ் வரை. அந்தப் பகுதியை அவ்வளவு சிறிய ஸ்பீக்கரால் சரியாக எழுப்ப முடியாது. மேற்சுரங்களைக் கொண்டு மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்வதால் நமக்குக் குறை தெரிவதில்லை. ஆனால் ஜோடியின் உள்ளே தடித்த தந்திக்கும் மெல்லிய தந்திக்கும் இருக்கும் ஒலிச் சமநிலை மாறிவிடுகிறது. மெல்லிய தந்தி மேலே துருத்திக்கொண்டு ஒலிக்கிறது. அதைப் போலவே ஒலிக்க வேண்டும் என்று தன் கிட்டாரில் மெல்லிய தந்திகளை ஓங்கி அடிக்கப் பழகியவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஹெட்ஃபோன் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பகுதி தீரும்.

படமும் எப்போதும் உண்மை சொல்வதில்லை. கைப்பேசிக் காமிராவில் எடுத்த வீடியோக்களில் தந்திகள் பாம்பு போல நெளிந்து ஓடுவதைப் பலர் வியந்து பகிர்கிறார்கள். அந்த நெளிவு தந்தியில் இல்லை. காமிரா ஒரு சட்டகத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் வரிவரியாக வாசிக்கிறது. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதற்குள் தந்தி இடம் மாறிவிடுகிறது. அந்த இடமாற்றங்கள் எல்லாம் ஒரே படத்தில் சேர்ந்து அலையாகத் தெரிகின்றன. கண்ணுக்கு நேரில் தெரியும் மங்கலான கதிர்போன்ற வடிவமே உண்மைக்கு நெருக்கம்.

கைவேலையைப் பொறுத்தவரை வீடியோ நிஜமாகவே உதவும், காமிரா எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து. எதிரே உட்கார்ந்து வாசிப்பவரின் கையைப் பார்த்துப் பழகும்போது இடம் வலத்தைத் தலைக்குள் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. வாசிப்பவரின் தோளுக்கு மேலிருந்து, அவர் கண் பார்க்கும் கோணத்தில் எடுத்த காட்சியை அப்படியே கைக்கு மாற்றிவிடலாம். பன்னிரண்டு தந்தியில் இந்தக் கோணம் இன்னொரு காரணத்துக்கும் வேண்டும். விரல் நுனி ஒற்றைத் தந்தியில் போல நட்டுக்குத்தாக இறங்கினால் ஜோடியில் ஒன்று மட்டும் அழுந்தும். கொஞ்சம் சாய்ந்து, சதைப்பகுதி இரண்டின் மேலும் படிய வேண்டும். தடித்த தந்தி உயரமாகவும் மெல்லியது தாழ்வாகவும் இருப்பதால் அழுத்தம் போதாவிட்டால் மெல்லியது ஊமையாகிவிடும், அதிகமானால் சுருதி ஏறிவிடும். கைப்பிடியின் அகலம் நட்டின் அருகே ஆறு தந்தியில் 43 மில்லிமீட்டர் என்றால் இதில் 48-ஐ ஒட்டி வரும். எஃப் கார்டுக்கு விரலைக் குறுக்கே போட்டு அழுத்துவது கடினமாவது விரல் பலத்தால் மட்டும் இல்லை, இந்த அகலத்தாலும்தான்.

வலது கையில் பிக் ஒரு ஜோடியைத் தாண்டும்போது இரண்டு தந்தியையும் ஒரே கணத்தில் தொடுவதில்லை. முதலில் ஒன்று, சில மில்லிநொடி கழித்து மற்றது. பெரும்பாலான பன்னிரண்டு தந்திகளில் மெல்லிய தந்தி கட்டைவிரல் பக்கம் இருப்பதால், மேலிருந்து கீழே அடிக்கும்போது அதுதான் முதலில் ஒலிக்கும். ரிக்கன்பேக்கர் நிறுவனம் இதைத் தலைகீழாக வைத்தது. அதன் மின்கிட்டார்களில் தடித்த தந்தி முதலில். அதன் 360/12 மாடலில் ஒன்றை 1964 பிப்ரவரியில் நியூயார்க்கில் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனிடம் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஏப்ரலில் பீட்டில்ஸ் பதிவு செய்த ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ பாட்டின் தொடக்கக் கார்டு எந்த வாத்தியங்களில் எந்தச் சுரங்களால் ஆனது என்று பிறகு பல ஆண்டுகள் வாதம் நடந்தது. கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன் அதை ஃபூரியர் பகுப்பாய்வால் அதிர்வெண்களாகப் பிரித்து, கிட்டாரோடு ஒரு பியானோவும் கலந்திருக்கிறது என்று முடிவு சொன்னார். அந்த ஒற்றைக் கார்டைச் சொல்லித்தரும் வீடியோக்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதில் வியப்பில்லை. கிட்டார் கையை மட்டும் பார்த்து அதை முழுதாக எட்ட முடியாது.

பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் விஷயத்திலும் இப்படித்தான். ஹாரிசனைத் திரையில் பார்த்துவிட்டு ரிக்கன்பேக்கர் வாங்கியவர் அவர். ஒரு பிக்கும், நடுவிரல் மோதிரவிரல்களில் உலோகப் பிக்குகளும் மாட்டி அவர் வாசிக்கும் முறையை வீடியோவில் தெளிவாகக் கற்கலாம். ஆனால் 1965-இல் வந்த ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பதிவில் சுரம் அடங்காமல் நீண்டு ஒலிப்பதற்கு, ஒலிப்பதிவுக் கூடத்தின் கம்ப்ரசர் பெரும் காரணம். அடித்த கணத்தின் உச்சத்தை அமுக்கி, அடங்கும் ஒலியைத் தூக்கிக் காட்டும் கருவி அது. கையின் பொறுப்பு எது, கருவியின் பொறுப்பு எது என்று பிரித்துச் சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் மாணவர் மாதக்கணக்கில் வீணாக உழைப்பது மிச்சமாகும்.

விசை வீடியோவில் தெரியாது என்பதற்கு கிட்டார் கலைஞர் லியோ காட்கியைவிட நல்ல சான்று வேண்டாம். 1969-இல் வந்த ‘6- அண்ட் 12-ஸ்ட்ரிங் கிட்டார்’ தட்டில் அவருடைய வேகம் இன்றும் திகைக்க வைக்கும். விரல்களில் பிக் மாட்டி அத்தனை பலமாக வாசித்ததில் அவருடைய கைத் தசைநாண்கள் பாதிக்கப்பட்டன. எண்பதுகளின் தொடக்கத்தில் பிக்குகளை விட்டுவிட்டு, விரல் சதையால் வாசிக்கும் வேறொரு முறையை அவர் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. திரையில் பார்ப்பவருக்கு விரல் போகும் பாதை தெரியும். எவ்வளவு விசை, எங்கே தளர்ச்சி, எங்கே வலி என்பது தெரியாது. வலித்தால் நிறுத்தச் சொல்ல எதிரே ஆள் இல்லாதபோது, அந்தப் பொறுப்பை மாணவரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பதற்கும் செய்வதற்கும் உள்ள தூரத்தை மைக்கேல் கார்டாஸ், எட் ஓ’பிரையன் என்ற இரு உளவியலாளர்கள் 2018-இல் சோதித்தார்கள். பாத்திரங்கள் சாயாமல் மேசைவிரிப்பை உருவுவது, மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக் போன்ற வித்தைகளின் வீடியோவைச் சிலருக்கு ஒருமுறையும் சிலருக்குப் பலமுறையும் காட்டினார்கள். பலமுறை பார்த்தவர்களுக்குத் தங்களாலும் முடியும் என்ற நம்பிக்கை ஏறியது. செய்ய வைத்தபோது திறமை ஏறவில்லை. கட்டைகளை அந்தரத்தில் எறிந்து பிடிக்கும் வித்தையின் வீடியோவைப் பார்த்தவர்களை, அந்தக் கட்டைகளைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்துப் பார்க்க விட்டதும் பொய் நம்பிக்கை குறைந்தது. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வீடியோ பார்ப்பதும், சாப்பாட்டு மேசையில் பார்ப்பதும் வேறு வேறு செயல்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது. பத்து நொடி பார், நிறுத்து, பத்து நிமிடம் வாசி என்ற விகிதம்தான் வேலைக்கு ஆகும்.

தன் வாசிப்பைப் பதிவு செய்து கேட்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாசிக்கும்போது மனம் விரலில் இருப்பதால் விம்மல் காதில் ஏறுவதில்லை. பதிவில் அது தப்பாது. கேப்போ போட்ட பிறகு இந்தச் சோதனை கட்டாயம். ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ பாட்டின் புகழ்பெற்ற தொடக்கம் பன்னிரண்டு தந்தியில், ஏழாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு வாசித்தது. கேப்போவின் ரப்பர் தடித்த தந்தியையும் மெல்லிய தந்தியையும் சமமாக அழுத்தாது. போடுவதற்கு முன் ஒழுங்காக இருந்த ஜோடிகள் போட்ட பிறகு விம்மத் தொடங்கும். அங்கேயே, கேப்போ இருக்கும்போதே, மறுபடி சேர்க்க வேண்டும்.

திறந்த தந்தியில் அமைதியாக இருக்கும் ஜோடி பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தியதும் வேகமாக விம்மினால், விரலா கிட்டாரா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விரலைத் தளர்த்தி, பக்கவாட்டில் இழுக்காமல், நேராக மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தம் மாற மாற விம்மலின் வேகமும் மாறினால் பயிற்சி வேண்டியது விரலுக்கு. எப்படி அழுத்தினாலும் ஒரே வேகத்தில் விம்மினால் குறை, பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் எலும்புத் துண்டான சேடிலில் இருக்கிறது. ஃப்ரெட்டில் அழுத்தும்போது தடித்த தந்தி மெல்லியதைவிட அதிகமாகச் சுருதி ஏறும். அதை ஈடுகட்ட அதற்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் வேண்டும். ஒரே எலும்புத் துண்டு இரண்டையும் ஒரே இடத்தில் தாங்கினால் அந்த நீளம் கிடைக்காது. ரிக்கன்பேக்கரில் தந்திக்கு ஒரு சேடிலாகப் பன்னிரண்டு கொண்ட பிரிட்ஜை வாங்கிப் பொருத்தலாம். மரக்கிட்டார் என்றால், பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோய் அந்த எலும்பின் விளிம்பை ஜோடிக்குள் இரண்டு நிலையாகத் தேய்த்துத் தரச் சொல்ல வேண்டும்.